தெற்கு ஜப்பானின் தீவுகள், எரிமலைகள், வெந்நீர் ஊற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக ஃபுகுவோகாவுக்கு வந்ததிலிருந்து, சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் தெற்கே ககோஷிமா பக்கம் கிளம்பிவிடுவேன். அங்கிருந்து படம் அனுப்பினால் போதும், ஊரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அதே கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

"ககோஷிமா எங்கே இருக்கு? அங்கே அப்படி என்ன விசேஷம்?"

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷூ. அதன் தென்கோடி மாவட்டம் ககோஷிமா. அங்கிருந்து தெற்கே ஒகினாவா வரைக்கும் கடலில் சிறு தீவுகள் வரிசையாகப் போகின்றன. ககோஷிமா என்றே பெயருள்ள அந்த மாவட்டத் தலைநகருக்குள் நின்றாலே எதிரே கடலில் சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டிருக்கும். ஊரின் சாதாரணப் பொதுக் குளியலறைகளில்கூட வருவது பெரும்பாலும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த வெந்நீர்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. சகுராஜிமாவைச் சுற்றியிருக்கும் விரிகுடாவின் வடபகுதியே ஒரு எரிமலைப் பள்ளம். சுமார் 30,000 வருடங்களுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் நிலம் உள்வாங்கி, பிறகு அதற்குள் கடல் புகுந்தது. அன்று கொட்டிய வெள்ளை மண் இன்றும் ககோஷிமா முழுக்க மேடு மேடாக இருக்கிறது. அதில் தண்ணீர் நிற்காது, அதனால் நெல் சரியாக வராது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு நன்றாக வரும். இந்த ஊர்ச் சாப்பாட்டில் எங்கு பார்த்தாலும் கிழங்கு இருப்பது அதனால்தான்.

"எப்படிப் போறது? டோக்கியோவிலிருந்து ரொம்ப தூரமா?"

டோக்கியோவிலிருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரம். ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். 2011 மார்ச்சில் இந்தத் தடம் முழுமையாகத் திறந்தபின் தெற்கே போவது வெகு சுலபமாகிவிட்டது. விமானத்தில் வந்தால் ஒரு விஷயம்: நிலையத்தின் வாசலிலேயே கால் நனைக்க வெந்நீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள், காசு கிடையாது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

"சகுராஜிமா இன்னும் வெடிச்சுக்கிட்டு இருக்கிற மலையாச்சே, பக்கத்துல போறது ஆபத்து இல்லையா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். 1955-லிருந்து அந்த மலை விட்டு விட்டு வெடித்துக்கொண்டே இருக்கிறது. அதன் அடிவாரத்தில் சில ஆயிரம் பேர் வீடு கட்டி வாழ்கிறார்கள். ஜப்பான் வானிலை முகமை எரிமலைகளுக்கு 1 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது. சகுராஜிமா வழக்கமாக 3-இல் இருக்கும். அதாவது, எரிமலை வாயிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் வட்டத்துக்குள் யாரும் போகக் கூடாது, வெளியே இருக்கலாம். உச்சிக்கு ஏறும் வழியே கிடையாது. சுற்றுலாப் பயணி போகக்கூடிய மிக உயரமான இடம் 373 மீட்டரில் உள்ள யுனோஹிரா பார்வை மேடை. 2022 ஜூலை 24 இரவு முதன்முறையாக நிலை 5 ஆனது. அருகிலிருந்த சில குடும்பங்களை வெளியேற்றினார்கள், மூன்று நாளில் மீண்டும் 3-க்கு இறக்கிவிட்டார்கள்.

ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்ல மாட்டேன். 1914 ஜனவரி 12 அன்று நடந்த வெடிப்பும் அதோடு வந்த நிலநடுக்கமும் சேர்ந்து 58 பேரைப் பலிகொண்டன. வழிந்த எரிமலைக் குழம்பு சுமார் 400 மீட்டர் அகலமுள்ள கடலைத் தூர்த்துவிட்டது. அதுவரை தீவாக இருந்த சகுராஜிமா அன்றிலிருந்து கிழக்கே நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. வெடிப்புக்கு முந்தைய நாட்களில் கிணற்றில் நீர் கொதித்தது, நிலம் அதிர்ந்துகொண்டே இருந்தது. வானிலை நிலையமோ வெடிக்காது என்றது. அதை நம்பித் தங்கியவர்கள் கடலில் குதிக்க வேண்டியதாயிற்று. பத்து வருடம் கழித்து கிராமத்தார் அங்குள்ள ஆரம்பப் பள்ளியில் ஒரு கல் நட்டார்கள். கோட்பாட்டை நம்பி இருக்காதீர்கள், மலையில் மாற்றம் தெரிந்தால் முதலில் கிளம்புங்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. சகுராஜிமாவில் ஒரே இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இந்தக் கல்லைத்தான் சொல்வேன்.

"சாம்பல் விழுந்தா என்ன பண்றது?"

முதலில், நம் விறகடுப்புச் சாம்பலை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது மெத்தென்று இருக்கும். இது பொடியான கல்லும் கண்ணாடியும். வாயைத் திறந்து பேசினால் பல்லில் நறநறக்கும். கண்ணில் பட்டால் தேய்க்கவே கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். காரின் முன்கண்ணாடியில் விழுந்தால் தண்ணீர் விடாமல் வைப்பரைப் போடாதீர்கள், கண்ணாடி கீறிவிடும்.

ககோஷிமாவின் வானிலை அறிக்கையில் சகுராஜிமாவுக்கு மேல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் சொல்வார்கள். துணி காயப்போடலாமா வேண்டாமா என்பது அதை வைத்துத்தான். கோடையில் காற்று பெரும்பாலும் ஊர்ப்பக்கம் திரும்பும், குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம் போகும். ஒரு ஆகஸ்ட் காலையில் நான் தங்கியிருந்த தெருவில் ஒரு பாட்டி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய சாம்பலை மஞ்சள் நிறப் பையில் அள்ளிப்போட்டுக் கட்டி, தெருமுனையில் அதற்கென்றே பலகை வைத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். தூக்க உதவினேன், சின்னப் பைதான், செங்கல் மாதிரி கனத்தது. அந்தப் பையை நகராட்சியே கொடுக்கிறது. அதன் ஜப்பானியப் பெயருக்குச் "சாம்பலை வெல்லும் பை" என்று அர்த்தம்.

"சகுராஜிமாவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?"

ஒரு முழு நாள். ஊரிலிருந்து ஃபெரியில் 15 நிமிடம்தான், 24 மணி நேரமும் ஓடுகிறது. கப்பலுக்குள்ளேயே உதோன் நூடுல்ஸ் கடை இருக்கிறது, இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். (சைவர்கள் கீழே சாப்பாட்டுக் கேள்வியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.) கரையோரம் சுமார் 100 மீட்டர் நீளத்துக்குக் கால் நனைக்கும் வெந்நீர் வாய்க்கால் இருக்கிறது. கிழக்கே குரோகாமி ஊரில் 3 மீட்டர் உயரக் கோயில் தோரண வாயில் ஒன்று 1914-இல் புதைந்து, மேலே சுமார் ஒரு மீட்டர் மட்டும் வெளியே தெரிகிறது. தோண்டியெடுக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்றால் உங்கள் காலுக்கடியில் ஒரு ஊர் இருப்பது புரியும்.

"வெந்நீர்க் குளியலில் உண்மையிலேயே துணி இல்லாமல்தான் குளிக்கணுமா?"

ஆமாம். ஓன்சென் என்று சொல்லும் வெந்நீர்க் குளியலில் நீச்சல் உடைக்கும் அனுமதி இல்லை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆற்றிலும் அருவியிலும் துணியோடு குளித்தே வளர்ந்த நமக்கு முதல் தடவை கால் உள்ளே போகாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

பழக விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை, ககோஷிமாவில் அதற்கு நல்ல வழி இருக்கிறது. "கசோகு-யு" என்று கேளுங்கள், குடும்பக் குளியல் என்று அர்த்தம். மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு தனி அறை, அதற்குள் உங்களுக்கென்றே ஒரு தொட்டி. கணவன் மனைவி, குழந்தைகளோடு வருபவர்கள், உடம்பில் பச்சை குத்தியிருப்பவர்கள் எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். பச்சை குத்தியவர்களைப் பல பொதுக் குளியல்களில் விடமாட்டார்கள்.

"சரி, உள்ளே போனா என்னென்ன கவனிக்கணும்?"

தொட்டி உடம்பு தேய்க்கிற இடமல்ல, ஊறுகிற இடம். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நீண்ட முடி இருந்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள். கையில் இருக்கும் சின்னத் துண்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது, பலர் அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று: வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கிரிஷிமா மலைப் பக்கத்து ஊற்றுகளில் கந்தகம் அதிகம், வெள்ளி கறுத்துவிடும். முதல் முறை பத்து நிமிடத்துக்கு மேல் ஊறாதீர்கள், எழுந்ததும் தலை சுற்றும். ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் கந்தகப் புகை வரும் இடங்களே ஆகாது.

"மணலுக்குள்ள புதைக்கிறாங்களாமே, அது என்ன?"

இபுசுகி என்ற கடற்கரை ஊரில். ககோஷிமாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். கடற்கரை மணலுக்கடியில் வெந்நீர் ஓடுவதால் மணலே 50 டிகிரிக்கு மேல் சுடும். பருத்தி அங்கி ஒன்று கொடுப்பார்கள், அதை உடுத்திக்கொண்டு படுத்தால் மண்வெட்டியால் கழுத்து வரை மணலை அள்ளிப் போடுவார்கள். இங்கே உடுப்போடு இருக்கலாம் என்பதால், மேலே சொன்ன கூச்சம் உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஈர மணலின் கனம் நெஞ்சில் இறங்கும். சில நிமிடத்தில் உள்ளங்காலில், விரல் நுனியில், முதுகில் எல்லாம் உங்கள் நாடி அடிப்பது உங்களுக்கே கேட்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் அலைச் சத்தம். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் வீம்புக்குப் படுத்திருந்தால் தோல் வெந்துபோகும்.

"ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் இருக்கு. எதுக்குப் போகட்டும்?"

யாகுஷிமா. விரைவுப் படகில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், சாதாரணக் கப்பலில் சுமார் 4 மணி நேரம். 1993-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. ஆயிரம் வருடத்தைத் தாண்டிய தேவதாரு மரங்களைத்தான் அங்கே யாகு-சுகி என்றே அழைக்கிறார்கள். மிகப் பழைய ஜோமோன்-சுகி மரத்தைப் பார்க்கப் போய்வர சுமார் 22 கிலோமீட்டர், பத்து மணி நேர நடை. பாதி வழிக்கு மேல் பழைய மரம் வெட்டும் காலத்து ரயில் தண்டவாளத்தின் மேலேயே நடக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் ஷிரதானி பள்ளத்தாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம், பாசி படர்ந்த அந்தக் காடும் குறைந்ததல்ல. "மாதத்தில் 35 நாள் மழை" என்று அந்த ஊரில் சொல்வார்கள், அதனால் நல்ல மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

தீவின் தெற்கில் ஹிராவுச்சி கடல் ஊற்று இருக்கிறது. கடற்பாறைகளுக்கு நடுவே இயற்கையான குழிகள். வற்றம் வரும்போது மட்டும், அதற்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம் வெளியே தெரியும், பிறகு கடல் மூடிவிடும். தினம் இருமுறைதான். ஆண் பெண் இருவரும் ஒரே குழியில், நீச்சல் உடை கூடாது, மறைப்பும் கிடையாது. நான் போனது விடியற்காலை வற்றத்தில். உள்ளூர்த் தாத்தா ஒருவர் எனக்கு முன்னமே ஊறிக்கொண்டிருந்தார். வெளிச்சம் வரவர நீர் மட்டம் ஏறியது, ஒரு அலை குளிர்ந்த நீரைக் குழிக்குள் வீசியது. அவர் "சரி, முடிந்தது" என்பது போல் கையசைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன்.

"யாகுஷிமா எரிமலையே இல்லைன்னு படிச்சேன். அப்புறம் வெந்நீர் எப்படி வருது?"

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். யாகுஷிமா பூமிக்கடியில் இறுகி மேலெழுந்த கருங்கல் தீவு. கியூஷூ பகுதியின் மிக உயரமான சிகரம், 1,936 மீட்டர் மியனோஉரா, அங்கேதான் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுக்கு எரிமலை கட்டாயமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கினால் பூமியின் சூட்டிலேயே காய்ந்துவிடும், பிறகு வேறொரு பிளவு வழியாக மேலே வரும். மேலே சொன்ன மழையை நினைத்தால், இறங்கத் தண்ணீருக்கு அங்கே பஞ்சமே இல்லை.

"இவோஜிமா போகலாம்னு சொன்னீங்க. அது உலகப் போர் நடந்த தீவு இல்லையா?"

இல்லை, பெயர்க் குழப்பம். இரண்டின் பெயருக்கும் "கந்தகத் தீவு" என்று பொருள். போர் நடந்தது டோக்கியோவுக்குத் தெற்கே 1,200 கிலோமீட்டர் தள்ளி, சாதாரணப் பயணிகள் அங்கே போக முடியாது. நான் சொன்னது சத்சுமா இவோஜிமா. ககோஷிமாவிலிருந்து கப்பலில் சுமார் 4 மணி நேரம், தினமும் கிடையாது. இருப்பது நூற்றுச் சொச்சம் பேர்.

இந்தத் தீவு, 7,300 வருடங்களுக்கு முன் வெடித்த கிகாய் என்ற எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு. பள்ளத்தின் மீதிப் பகுதி கடலுக்கடியில். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி ஆகிவிடும், கடலடி ஊற்றுகளின் இரும்புதான் காரணம். மேலே 704 மீட்டர் இவோதாகே புகைந்துகொண்டிருக்கும். அதன் அடியில், அலை வந்து மோதும் பாறையிலேயே கிழக்கு ஊற்று. நீர் கடும் அமிலம், படிகாரம் கலந்தது. கண்ணில் பட்டால் எரியும், உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஒரு விஷயம், இந்தத் தீவில் மயில்கள் திரிகின்றன. நம் இந்திய மயில்களேதான், முன்பு ஒரு விடுதிக்காகக் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள். எரிமலைப் புகைக்குக் கீழே மூங்கில் காட்டிலிருந்து மயில் அகவுவதைக் கேட்டபோது எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை.

"இன்னும் தள்ளிப் போகணும்னா?"

தொக்காரா தீவுகள். ஏழு தீவுகளில் மக்கள் இருக்கிறார்கள், எல்லாம் சேர்ந்து தொஷிமா என்ற ஒரே கிராமம். வடக்கிலிருந்து தெற்காக சுமார் 160 கிலோமீட்டர் நீளம், மக்கள்தொகை சில நூறு. கிராம அலுவலகம் தீவுகளில் எதிலும் இல்லை, ககோஷிமா நகரத்தில் இருக்கிறது. அங்கிருந்தால்தான் எல்லாத் தீவுக்கும் பொதுவாக இருக்க முடியும். கப்பல் வாரத்தில் இரண்டு முறை, இரவு 11 மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு தீவாக நின்று போகும். இவற்றில் சுவனோசே தீவின் எரிமலை 1813-இல் வெடித்து எல்லாரும் வெளியேறினார்கள், 70 வருடம் அது ஆளில்லாத் தீவாகவே கிடந்தது. 2025 ஜூன், ஜூலையில் அகுசெகி தீவுப் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள் வந்து சிலர் ககோஷிமாவுக்கு இடம்பெயர்ந்தார்கள்.

தங்க அறை உறுதியாகாமல் கப்பலேறக் கூடாது. தங்கும் வீடுகள் சிலவே, சாப்பாட்டுக் கடை கிடையாது. மூன்று வேளையும் தங்கும் வீட்டில்தான்.

"கப்பல் ரத்தானா என்ன செய்யறது?"

ரத்தாகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை புயல் காலம், ஜூனில் அடைமழை, குளிர்காலத்தில் வடமேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். "நிபந்தனையோடு புறப்பாடு" என்று ஒரு அறிவிப்பு போடுவார்கள். கப்பல் கிளம்பும், ஆனால் துறைமுகத்தில் அலை அதிகமாக இருந்தால் உங்களை இறக்காமலே திரும்பிவிடும். இது தெரியாமல் ஏறியவர்களைக் கப்பலில் பார்த்திருக்கிறேன்.

ஒரு அக்டோபரில் நான் ஒரு சின்னத் தீவில் இரண்டு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டேன். தங்கும் வீட்டு அம்மா காலையில் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு வேகவைக்கப் போய்விட்டார். அந்த இரண்டு நாளில்தான் அந்தத் தீவை நான் முழுதாக நடந்து பார்த்தேன். யாகுஷிமாவுக்கு ஒரு நாள், சின்னத் தீவுகளுக்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக வையுங்கள். தீவிலிருந்து திரும்பும் அன்றைக்கே ஊர் விமானத்தைப் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடவே போடாதீர்கள்.

"நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?"

முடியும், ஆனால் உழைக்க வேண்டும். காய்கறி மட்டும் போட்ட குழம்பிலும் மீன் இருக்கும். தாஷி என்னும் ரசத்தைக் கட்சுவோபுஷி போட்டுத்தான் எடுக்கிறார்கள். நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு அது, சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தது. ஜப்பானில் அது அதிகமாகத் தயாராவதே இந்த மாவட்டத்தின் மகுராசாகி, யாமகாவா ஊர்களில்தான். ஆகவே உதோன், மிசோ சூப் எல்லாவற்றிலும் அது உண்டென்றே நினைத்துக்கொள்ளுங்கள். சத்சுமா-ஆகே நம் வடை மாதிரி பொன்னிறமாக இருக்கும், ஆனால் அது மீன்.

தங்குமிடத்தில் பதிவு செய்யும்போதே "நிகு, சகானா, தாஷி தாபேமாசென்" என்று சொல்லிவிடுங்கள். இறைச்சி, மீன், மீன்ரசம் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். கிழங்கு, டோஃபு, சோறு, பழம் எங்கும் கிடைக்கும். துருவிய வள்ளிக் கிழங்கும் (சர்க்கரைவள்ளி அல்ல) அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் கருகான் என்ற இனிப்பைத் தைரியமாகச் சாப்பிடலாம், பார்ப்பதற்கு நம் இட்லியின் தங்கை. சின்னத் தீவுக்கு ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுபோங்கள். பொடியும் சுடுசோறும் எனக்குப் பல இரவு கைகொடுத்திருக்கின்றன.

"கார் ஓட்டலாமா? பணம்?"

இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமம் செல்லும். இடதுபக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். யாகுஷிமாவில் கார் இருந்தால் மிகவும் வசதி. தீவுகளில் கார்டை நம்பாதீர்கள், யென் நோட்டு வேண்டும். அவசரத்துக்குத் தபால் நிலைய ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும்.

"தீவில் இருக்கும்போதே மலை வெடிச்சா?"

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். யாகுஷிமாவுக்கு மேற்கே குச்சினோஎராபு என்று ஒரு சின்னத் தீவு. 2015 மே 29 காலை 10 மணி வாக்கில் அதன் எரிமலை வெடித்து, சூடான புகையும் கல்லும் கடல் வரை உருண்டு வந்தன. எச்சரிக்கை நேராக 5-க்குப் போனது. மக்கள் முன்பே பேசி வைத்திருந்த மேட்டிலுள்ள பாதுகாப்பிடத்தில் கூடினார்கள், ஆள் கணக்கு எடுத்தார்கள், கப்பலேறினார்கள். அன்று மாலைக்குள் 137 பேரும் யாகுஷிமாவில் இருந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. முந்தைய வருடமும் அந்த மலை வெடித்திருந்தது, அதனால் எங்கே ஓட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே நீங்களும் அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நான் எந்தத் தீவில் இறங்கினாலும் பையை வைத்ததும் "ஹினான்ஜோ வா தோகோ தேசு கா" என்று கேட்பேன், தஞ்சமடையும் இடம் எங்கே என்று அர்த்தம். இதுவரை ஒருவரும் வாயால் மட்டும் பதில் சொன்னதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து, அதோ அந்த மேடு, அந்தப் பள்ளிக்கூடம் என்று கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.